நினைவு நாணயமும் நம் இளைஞரும்



நமது பங்கின் யூபிலி விழாவை எவ்வாறு கொண்டாடலாம் என்று ஆலோசிக்கப் பங்குப் பேரவை கூடிய நாளில், நம் இளைஞர் மன்றத்தினர் ஒரு விண்ணப்பத்துடன் வந்தனர். பங்குக்கு யூபிலி வரும் இதே ஆண்டில் தங்கள் மன்றத்துக்கும் ஆண்டு நிறைவு வருவதால், அதன் நினைவாக ஒரு நாணயம் அடித்து வெளியிட வேண்டும் என்பதே அவர்களது விருப்பம். ஒரு பக்கத்தில் நம் ஆலய முகப்பு, மறுபக்கத்தில் மன்றத்தின் பெயரும் ஆண்டுகளும் என்று தாளில் வரைந்தே கொண்டு வந்திருந்தார்கள். இதற்கென மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையும் அவர்களிடம் இருந்தது.

பெரியவர்களில் சிலர் நகைத்தார்கள். நாம் நகைக்கவில்லை. இளைஞர் தங்களுக்கு முன்னே உழைத்தவர்களை நினைத்துப் பார்க்க விரும்புவது நல்ல காரியம். ஆயினும் நாணயம் என்பது என்ன, அதை அடிப்பவர் யார், அது யாரை நினைவில் வைக்கிறது, யாரை மறக்கிறது என்பதை அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து பார்த்தோம். அந்த ஆராய்ச்சியில் கண்டவற்றையும், அதன் முடிவில் நம்மைப் பற்றியே நாம் அறிந்துகொண்ட ஒன்றையும் இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறோம்.

நாணயம் அடிக்கும் உரிமை

காசு அடிப்பது என்றும் அரசின் உரிமையே. வரி கொடுக்கலாமா என்று ஆண்டவரிடம் வினவியவர்களுக்கு, அவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதில் இருப்பது யாருடைய உருவம் என்று திருப்பிக் கேட்டதை நாம் அறிவோம். உருவம் யாருடையதோ, ஆட்சியும் அவருடையது என்பதே அக்காலத்து வழக்கு. நம் தமிழ் மன்னரும் தங்கள் வெற்றியைக் காசில் பொறித்தார்கள். கங்கைவரை படை செலுத்திய முதலாம் இராசேந்திரன், கங்கைகொண்ட சோழன் என்ற பெயருடன் வெளியிட்ட காசுகள் இன்றும் கிடைக்கின்றன.

சுதந்திர இந்தியாவில் ஒருவரின் நினைவாக முதன்முதல் நாணயம் வெளியானது 1964ஆம் ஆண்டில். அவ்வாண்டில் மறைந்த பண்டித நேருவின் உருவம் அதில் பொறிக்கப்பட்டது. 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டு நாணயம் வந்தது. அடுத்து உணவு உற்பத்தி, குடும்ப நலம், பெண்கள் ஆண்டு, குழந்தைகள் ஆண்டு என்று பொதுநலக் கருத்துகளும் நாணயத்தில் ஏறின. 1995இல் தஞ்சையில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்துடன் வந்த காசும், 2003இல் வந்த காமராசர் நூற்றாண்டுக் காசும் நம்மில் பலரின் கையில் புழங்கியவை. நம் திருச்சபையின் பெருமக்களும் இவ்வரிசையில் உண்டு. 2009இல் புனித அல்போன்சாவுக்கும், 2010இல் அன்னை தெரசாவுக்கும் இந்திய அரசு நாணயம் வெளியிட்டது.

இவை யாவும் மத்திய அரசின் சட்டப்படி நடப்பவை. இப்போது நடைமுறையில் இருப்பது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். ஓர் அமைப்போ, ஓர் அமைச்சகமோ வேண்டிக்கொண்டால், நிதி அமைச்சகம் ஆராய்ந்து முடிவு செய்யும். நாணயத்தின் உலோகம், எடை, குறுக்களவு, இரு பக்கமும் பொறிக்கவேண்டியவை ஆகிய எல்லாம் அரசிதழில் அறிவிக்கப்படும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் உள்ள அரசு நாணயச் சாலைகளில் ஒன்று அதனை அடிக்கும். ஆண்டு எண்ணின் கீழ் சிறு வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, குறி ஏதும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று அறியலாம். இதைச் சொன்ன அன்றே நம் பிள்ளைகள் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எல்லாம் மேசையில் கொட்டிக் குறி தேடத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே ஒரு பங்கோ, ஒரு மன்றமோ நாணயம் அடிக்க இயலாது. பணம்போல் புழங்கக்கூடிய உலோக வில்லையைத் தனியார் செய்வது சட்டத்துக்கு மாறானது. பதக்கம் செய்யலாம். அதற்கு நம் திருச்சபையில் நீண்ட மரபு உண்டு. 1563இல் உரோமையில் இயேசு சபைக் கல்லூரியின் மாணவரைக் கொண்டு ழான் லேனிஸ் என்ற இளங்குரு தொடங்கிய மரியாயின் சபை, கத்தோலிக்க இளைஞர் சங்கங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. நீல நாடாவில் மாதாவின் பதக்கத்தைக் கோத்துக் கழுத்தில் அணிவது அச்சபையாரின் வழக்கம். நம் மூத்தோர் பலர் சிறு வயதில் அதைக் கண்டிருப்பார்கள்.

தேசிய மாணவர் படையின் பவள விழா

ஓர் இளைஞர் அமைப்பின் ஆண்டு நிறைவுக்கு நம் நாடு நாணயம் வெளியிட்டதுண்டா என்று பிள்ளைகள் கேட்டார்கள். உண்டு. அது தேசிய மாணவர் படையின் 75ஆம் ஆண்டு நாணயம். பள்ளியிலும் கல்லூரியிலும் காக்கி உடுத்தி, அதிகாலையில் அணிவகுத்து நடை பயின்றவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், ஆங்கில அரசு பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஒரு படைப் பிரிவை அமைத்தது. 1920இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் குறைகளை ஆராய, 1946இல் பண்டித குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மாணவருக்கென நாடு தழுவிய புதிய அமைப்பு ஒன்று வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948இல், பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய மாணவர் படை பிறந்தது. 1949இல் மாணவியருக்கும் அதன் கதவு திறந்தது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவருக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. ஒற்றுமையும் கட்டுப்பாடும் என்பது அதன் விருதுவாக்கு. இன்று பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் அதில் இருக்கின்றனர்.

இந்தப் படையின் 75ஆம் ஆண்டை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் தில்லி கரியப்பா அணிவகுப்புத் திடலில் நடந்த விழாவில், பிரதமர் நரேந்திர மோடி 75 ரூபாய் நினைவு நாணயத்தையும் சிறப்பு அஞ்சல் உறையையும் வெளியிட்டார். கன்னியாகுமரியிலிருந்து மாணவ வீரர் கைமாற்றி ஏந்திவந்த ஒற்றுமைச் சுடரும் அன்று அத்திடலை வந்து சேர்ந்தது.

75 ரூபாய்க்கு நாணயமா, அதைக் கொண்டு கடையில் அரிசி வாங்கலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. இத்தகைய பெரிய மதிப்புள்ள நாணயங்கள் சந்தையில் புழங்குவதற்காக அடிக்கப்படுவன அல்ல. 44 மில்லிமீட்டர் குறுக்களவும், ஏறத்தாழ 35 கிராம் எடையும், பாதிக்குப் பாதி வெள்ளியும், எஞ்சியது செம்பு, நிக்கல், துத்தநாகமும் என்பது இவ்வகை நாணயத்துக்கு அரசு வழக்கமாக வகுத்துள்ள அளவு. நாணயச் சாலை இவற்றை அழகிய உறையில் இட்டு, முகமதிப்பைவிட மிகுந்த விலைக்குச் சேகரிப்போருக்கு விற்கிறது. பெட்டியில் வைத்துப் போற்றப்படுவன இவை. ஏழையின் மடியில் முடியப்படுவன அல்ல.

நம் அயல்நாடான இலங்கையில் வேறு விதம் கண்டோம். அங்கே சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளை நகரில் தொடங்கியது. அதன் நூற்றாண்டு 2012இல் வந்தபோது, இலங்கை மத்திய வங்கி 2 ரூபாய் மதிப்பில் நினைவு நாணயம் வெளியிட்டது. சிறு மதிப்புள்ள காசு. மிட்டாய் வாங்கும் சிறுவனும் கையில் எடுக்கக்கூடியது. அமெரிக்காவில் 2010இல் சாரணர் நூற்றாண்டுக்கு வெள்ளி டாலர் அடித்து, ஒவ்வொரு நாணயத்தின் விலையிலும் பத்து டாலரைச் சாரணர் பணிக்கென்று ஒதுக்கினார்கள். நம் தமிழகத்தில் சாரணர் தங்கள் 75ஆம் ஆண்டை முன்னிட்டு, 2025ஆம் ஆண்டு சனவரி இறுதியில் மணப்பாறையில் பெருந்திரளணி நடத்திக் கூடாரமிட்டுக் கொண்டாடியதை நாம் நாளிதழ்களில் படித்தோம்.

1985: ஒரு காசும் ஒரு சிலுவையும்

இவை எல்லாவற்றையும்விட நம் மனத்துக்கு நெருங்கிய காசு ஒன்று உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1985ஆம் ஆண்டை உலக இளைஞர் ஆண்டாக அறிவித்து, பங்கேற்பு, வளர்ச்சி, அமைதி என்ற மூன்று குறிக்கோள்களை முன்வைத்தது. அவ்வாண்டு நம் அரசு இளைஞர் ஆண்டின் சின்னத்துடன் ஒரு ரூபாய் நாணயம் வெளியிட்டது. செஞ்சிச் சந்தையிலும் பேருந்திலும் கோவில் உண்டியலிலும் அது பல ஆண்டுகள் புழங்கியது. நாமும் அதைக் கையில் வைத்திருந்தோம்; இன்னதென்று பாராமலே செலவிட்டோம்.

அதே ஆண்டுதான் நம் திருச்சபையிலும் ஒரு புதுமை விளைந்தது. அதற்கு முந்திய 1984ஆம் ஆண்டு, மீட்பின் யூபிலி நிறைவுபெற்ற உயிர்ப்பு ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு பெரிய மரச் சிலுவையை இளைஞர் கையில் ஒப்படைத்து, உலகெங்கும் சுமந்து செல்லுமாறு பணித்தார். 1985ஆம் ஆண்டு குருத்து ஞாயிறையொட்டி உரோமையில் மாபெரும் இளைஞர் கூட்டம் திரண்டது. அவ்வாண்டு முடிவதற்குள் உலக இளைஞர் தினத்தை அவர் ஏற்படுத்தினார். 1986 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. இருபதாவது உலக இளைஞர் தினம் 2005இல் செருமனி நாட்டின் கொலோன் நகரில் நடந்தபோது, வத்திக்கான் அதன் நினைவாக 2 யூரோ நாணயம் வெளியிட்டது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு புழக்கத்திலிருந்து மெல்ல மறைந்துவிட்டது. மரச் சிலுவையோ நாடு விட்டு நாடு சுமக்கப்பட்டு வருகிறது. மரம் உலோகத்தைவிட உறுதியானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுமப்பதற்குத் தோள்கள் இருப்பதால் அச்சிலுவை நிலைக்கிறது.

நம் ஊர்ப் பாறை சொல்வது

இங்கே நம் மண்டகப்பட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் குறையாகும். நம் ஊர்க் குடைவரைக் கோயிலைக் காண எங்கிருந்தெல்லாமோ அறிஞர்கள் வருகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது அது. வாயிலின் இருபுறமும் காவலர் உருவங்கள் நிற்கின்றன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல் இல்லாமலும், மரம் இல்லாமலும், உலோகம் இல்லாமலும், சுண்ணம் இல்லாமலும், விசித்திரசித்தன் என்னும் மன்னன் நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இக்கோயிலை அமைத்தான் என்று தெரிவிக்கிறது. தமிழகத்துக் கோயிற்கலை வரலாறு எழுதுவோர் எவரும் இக்கல்வெட்டைக் கூறாமல் மேலே செல்வதில்லை.

உலோகம் இல்லாமலே ஒரு நினைவு ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நின்றது என்பது நம் ஊரின் பெருமை. ஆயினும் அக்கல்வெட்டை மற்றொரு முறை எண்ணிப் பாருங்கள். மன்னனின் பெயர் இருக்கிறது. உளி பிடித்துப் பாறையைக் குடைந்தவர்களின் பெயர் இல்லை. அவர்களுள் இளங்காளையர் எத்தனை பேரோ! நாணயத்தில் அமைப்பின் பெயர் இருக்கிறது. அதிகாலைப் பனியில் நடை பயின்ற பிள்ளையின் பெயர் இல்லை. உலோகமும் கல்லும் இந்த ஒன்றில் சமமே.

செஞ்சிக் கோட்டையும் இதற்குச் சாட்சி. நாயக்கர், 1649இல் பிசப்பூரார், 1677இல் மராட்டியர், 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று எத்தனையோ கொடிகள் அக்குன்றுகளில் ஏறி இறங்கின. 2025இல் அக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. இத்தனை ஆட்சியாளருள் நம் மக்கள் மறவாத பெயர் எது? 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துப் போரிட்டு, ஏறத்தாழ இருபத்திரண்டே வயதில் மாண்ட தேசிங்குராசனின் பெயர்தான். அவன் நினைவைக் காத்தது கருவூலத்துக் காசு அன்று. களத்துமேட்டிலும் திண்ணையிலும் அவன் கதையைப் பாடிய பெயரறியாத பாடகர்களே காத்தார்கள். ஓர் இளைஞனை ஊர் மறவாமல் இருக்க, அவன் பெயரைச் சொல்லும் வாய்கள் வேண்டும்.

நாம் செய்த பிழை

இவ்வளவும் பேசி முடித்தபின் நம் இளைஞர் மன்றத் தலைவர் எழுந்து, "சாமி, பதக்கமே செய்வோம். ஆனால் நம்ம மன்றத்தை ஆரம்பித்தவங்க யார் யார்?" என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. இருந்திருக்க வேண்டிய பதிலை அழித்தவர் நாமே. இதை மறைக்காமல் உங்களிடம் அறிக்கையிடுகிறோம். நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில் பங்குத் தந்தை இல்லத்தைச் சுத்தம் செய்தபோது, மூலையில் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தது. உள்ளே கறையான் அரித்த காகிதங்கள். ஞானஸ்நான, திருமணப் புத்தகங்கள் வேறிடத்தில் பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பெட்டியில் இருந்தவற்றைக் கொளுத்திவிடுமாறு கோவில் பிள்ளையிடம் சொன்னோம். அவர் தயங்கி, "பழைய பசங்க நோட்டு ஏதோ இருக்குது சாமி" என்றார். நாம் அவசரத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுவே மன்றத்தின் முதல் அங்கத்தினர் நோட்டு என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஆலயச் சுவர் எழும்பியபோது யார் எத்தனை நாள் கல் சுமந்தார், யார் மணல் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்ததாம்.

குருமடத்தில் நாம் திருச்சபை வரலாறு கற்றோம். பொதுச் சங்கங்களின் ஆண்டுகளை இன்றும் வரிசையாகச் சொல்வோம். நம் கையருகே இருந்த வரலாற்றை நெருப்பில் இட்டோம். யாரும் நம்மைக் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனை.

அன்றே பிள்ளைகள் ஒரு முடிவு செய்தார்கள். பதக்கம் இப்போதைக்கு வேண்டாம். முதலில் பெயர்களைத் தேடுவோம் என்றார்கள். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் இருவர் இருவராக வீடு வீடாகச் சென்றார்கள். திண்ணையில் அமர்ந்து மூத்தோரின் நினைவைக் கிளறினார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவரிடம் சரிபார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் புல்லை விலக்கிப் படித்தார்கள். பிழைப்புத் தேடிப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் சென்றுவிட்டவர்களின் பிள்ளைகளைத் தொலைபேசியில் கேட்டார்கள். மூன்று மாதத்தில் 41 பெயர்கள் கிடைத்தன.

அத்தேடலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மூதாட்டி, சுவர் எழும்பிய காலத்தில் வேலை செய்த இளைஞருக்கு நாள்தோறும் கூழ் காய்ச்சி எடுத்து வந்தவர். தாமும் அப்போது கன்னிப் பெண்ணாக இருந்து கல் சுமந்தவர். பிள்ளைகள் அவர் சொன்ன ஆண்களின் பெயர்களை எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் அவரை இன்னாரின் தாயார் என்று குறித்தார்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்ன அவர், அதைக் கேட்டதும், "எனக்கும் ஒரு பேரு இருக்குதுப்பா. ஞானஸ்நானத்துல சாமியார் வெச்ச பேரு" என்றாராம். பிள்ளைகள் வெட்கி, அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்கள். அந்தப் பெயர் நோட்டில் 17ஆவது வரியில் இருக்கிறது. அதன்பின் அவர்கள் ஏற்கெனவே சென்ற வீடுகளுக்கும் மறுபடி போய், பெண்களின் பெயர்களைத் தனியே கேட்டு எழுதினார்கள். 41 பெயர்களில் 12 பெயர்கள் அவ்வாறு கிடைத்தவை.

நாணயமான நினைவு

நம் மொழியில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. கடனைத் திருப்பிக் கொடுப்பவனை நாணயமானவன் என்கிறோம். முன்னோருக்கு நாம் பட்டிருக்கும் கடனை ஒப்புக்கொள்வதும் நாணயமே. அரசு நாணயம் வெளியிட்டு ஓர் அமைப்பைப் பெருமைப்படுத்துவது தகுதியான செயல். நாடு முழுவதற்கும் பொதுவான நன்றியை வேறு எவ்வாறு சொல்வது? ஆனால் கல் சுமந்தவர் யார், கூழ் காய்ச்சியவர் யார் என்பதை அரசு அறியாது. அறிய வேண்டியதும் இல்லை. அதை அறிந்தவர்கள் நாம். நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப் போவதில்லை. ஆலயத்தில் இரண்டு சிறு காசுகளை இட்ட கைம்பெண்ணை ஆண்டவர் தனியே கவனித்துச் சீடருக்குச் சுட்டிக் காட்டினார். மற்றவர் கவனியாததைக் கவனிப்பது அவர் நமக்குக் கற்பித்த பாடம்.

மன்றத்தினர் சேர்த்த தொகையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகமும், கறையான் அணுகாதபடி அதை வைக்க ஓர் இரும்புப் பேழையும் வாங்கியிருக்கிறார்கள். மீதித் தொகையை, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதும் நம் ஏழைப் பிள்ளைகளின் தேர்வுச் செலவுக்கு ஒதுக்கியுள்ளார்கள். இதைவிட நல்ல யூபிலிக் காணிக்கையை நாம் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் புத்தகம் இப்போது சக்ரீஸ்து அறையில் இருக்கிறது. 41ஆவது பெயருக்குப் பின் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர் எவராயினும் இளமையில் இப்பங்குக்காக உழைத்து, அவர் பெயர் விடுபட்டிருந்தால், திருப்பலிக்குப் பின் வந்து தெரிவியுங்கள். படிக்கத் தெரியாதவர் வந்து சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். யூபிலித் திருப்பலியின் காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் வரும்போது, அப்புத்தகத்தையும் ஏந்திவந்து, பெயர்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் வாசிப்போம். நேரம் சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எரித்த பெயர்களையும் நாம் எழுத மறந்த பெயர்களையும் இறைவன் தம் வாழ்வின் நூலில் காப்பாராக.

ஆண்டவரில் உங்கள்
பங்குத் தந்தை